நூற்று நாற்பத்து மூன்று ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அத்திப்பள்ளி வண்டியில் ஏறுகிற ஆண்களில் பாதிப் பேர் எதற்குப் போகிறார்கள் என்று கண்டக்டருக்குத் தெரியும். கேட்கமாட்டார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "சாயங்காலமும் இதே வண்டிதான், கம்பியப் பிடிச்சு நிக்கற அளவுக்காவது வாங்கப்பா" என்பார். நம் பக்கத்து அரசுக் கடையில் நாம் கேட்பது கிடைக்காது, கிடைப்பதைக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். கர்நாடக எல்லையைத் தாண்டினால் கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள் கலர் கலராக லேபிள் ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும்.

நானும் அந்த வண்டியில் போனவன்தான். ஆனால் போதைக்குப் போனவன் இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு ஞாயிறுக்கு ஒரு பீர், அதுவும் இதுவரை குடிக்காத புது பீர். நாலு வாய் குடிப்பேன், நோட்டில் எழுதுவேன், மீதியைப் பக்கத்து மேசைக்காரருக்குத் தள்ளிவிடுவேன். அந்த மேசைக்கு அடிதடியே நடந்திருக்கிறது.

என் பெயர் கமலக்கண்ணன். சொந்த ஊர் மணப்பாறைப் பக்கம். சிப்காட்டில், வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஆயிரம் வளையத்தில் ஐந்தை எடுத்து அளந்து, இழுத்து, முகர்ந்து பார்த்து, ஒன்றுக்குப் பச்சை முத்திரை, இன்னொன்றுக்குச் சிவப்பு முத்திரை குத்துவது வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், எனக்குக் கம்பெனிப் பழக்கம் சாப்பாட்டுத் தட்டு மட்டும். என் மனைவி பொற்கொடி குழம்பை ஊற்றிவிட்டு, "முத்திர குத்தியாச்சா? இனிமே சாப்பிடலாமா?" என்று கேட்பாள்.

பீருக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். பழைய இன்ஸ்பெக்ஷன் நோட்டு. பெயர், நிறம், நுரை, வாசம், கசப்பு என்று கட்டங்கள் ஏற்கனவே மனசுக்குள் இருந்தன, கோடு போட்டால் போதும். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, 'அதுவா?'. நாலு வருஷத்தில் நூற்று நாற்பத்து மூன்று வரிகள். நூற்று நாற்பத்து மூன்றிலும் கடைசிக் கட்டத்தில் ஒரே பதில், 'இல்லை'.

'அது' எது என்று சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாசம். லால்பாக் பார்க்க வேண்டும் என்றாள், பெங்களூர் போய்விட்டுத் திரும்பினோம். அத்திப்பள்ளியில் பஸ் மாற இறங்கியபோது ஒயின் ஷாப் வாசலில் முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்தாள். "ஏங்க, அப்படி என்னதான் ருசி அதுல?" என்றாள்.

"கசக்கும்."

"பாவக்காயும்தான் கசக்கும். திங்காமயா இருக்கோம்?"

சாத்தூர்ப் பக்கத்துப் பெண், கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மூன்று மாசமாக நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக ஒன்றை விரும்பிக் கேட்டாள். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பாரில் உட்கார எனக்குத் தைரியம் போதவில்லை. பாட்டிலோடு எல்லை தாண்டினால் செக்போஸ்டில் பையைக் கவிழ்த்துவிடுவார்கள். வழி சொன்னதும் அவள்தான். அவளிடம் எப்போதும் ஒரு ஸ்டீல் பாட்டில் இருக்கும். மில் காலத்திலிருந்து கூடவே வந்தது. அடியில் ஒரு நசுங்கல். மூடியைக் கழற்றிக் கவிழ்த்தால் சின்ன தம்ளர்.

கடையில் கையை நீட்டி, "ஏதாவது ஒண்ணு குடுங்க" என்றேன். அதற்குப் பிறகு வாழ்நாளில் எந்தக் கடையிலும் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. பழைய கன்னடப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். கடைக்குப் பின்னால் ஒதுங்கினோம். ஸ்டீல் பாட்டிலில் மிச்சமிருந்ததை அவள் ஒரே மடக்காகக் குடித்துவிட்டு நீட்ட, நுரை பொங்கப் பொங்க ஊற்றினேன். காலிக் கண்ணாடியைப் பேப்பரோடு குப்பைத் தொட்டியில் போட்டேன். என்ன பீர் என்று பார்க்கவில்லை. அவசரம், பயம், சந்தோஷம் எல்லாம் சேர்ந்து கண்ணைக் கட்டிவிட்டது.

செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். அவள் மடியில் இருந்ததைப் பார்த்து, "என்னம்மா அது?" என்றார்.

"சீரகத் தண்ணி சார். வயித்துக்கு" என்றாள் பொற்கொடி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அவள் என் தொடையில் கிள்ளினாள். ஓசூர் வரும்வரை இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தோம். இந்தக் கதையை நான் நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். 'சீரகத் தண்ணி சார்' என்கிற இடம் வந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பொழுது சாய்கிற நேரம், ஓசூர்க் குளிர் அப்போதுதான் காலைத் தொட ஆரம்பித்திருந்தது. அவளுக்கு ஒரு மூடி, எனக்கு ஒரு மூடி. முதல் மூடியைக் குடித்துவிட்டு, "நல்லாவே இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் சிப்காட் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னொரு மூடி குடுங்க" என்றாள்.

ஒரு பாட்டில் பீரை ஒன்றரை மணி நேரம் குடித்தோம். மில் ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியாமல் சுவரேறிப் போய்ப் பார்த்த சினிமாவைப் பற்றிச் சொன்னாள். என் அப்பாவுக்கும் எனக்கும் பேச்சில்லாமல் போனதை நான் சொன்னேன், அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் மணப்பாறையில் நடந்தது, ஆனால் எங்களுக்கு நடந்தது அந்த மாடியில்தான். அந்த பீரின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. கசப்புதான். ஆனால் கசப்புக்குப் பின்னால் வறுத்த மாதிரி, சூடாக, தொண்டையில் இறங்கிய பிறகு மூக்குக்குத் திரும்பி வருகிற ஒன்று இருந்தது. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் பெயர் தெரியாத பொருள் கண்ணில் விழுந்த தூசி.

பிற்பாடு நம் கடையில் இரண்டு மூன்று பாட்டில் வாங்கி வந்து கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தேன். "அது இல்லங்க" என்றாள். மூன்றாவது தடவை தம்ளரைத் தொடவே இல்லை. "ஒரு தடவ குடிச்சாச்சு. நல்லா இருந்துச்சு. போதும்" என்றாள்.

எனக்குத்தான் போதவில்லை.

அத்திப்பள்ளியில் எனக்குத் துணை வெங்கடப்பன். என்னோடு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன், சூளகிரிக்காரன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். காலையில் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு ஷிஃப்டுக்கு வருவான். அவனுக்கு எந்த ஞாயிறும் ஜன்னலோரத்து அதே மேசை, அதே பீர். ஒன்றை வைத்துக்கொண்டு ரோட்டையும் லாரியையும் மழை மேகத்தையும் பார்த்தபடி பொழுது முழுக்க உட்கார்ந்திருப்பான். எனக்கு எரிச்சலாக இருக்கும். "புதுசா ஒண்ணு பாக்கலாம்னே உனக்குத் தோணாதாய்யா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவன் தன் கிளாஸைத் தூக்கிக் காட்டினான். "இதே இன்னும் முடியிலயேப்பா" என்றான். "நான் ஒண்ணு கேக்கறேன். நீ பீர் குடிக்கிறியா, இன்ஸ்பெக்சன் பண்றியா?"

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொற்கொடி மாடியைப் பெருக்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாயை விரித்துவிட்டு வந்தாள். அடுப்பில் நிலக்கடலை வெந்துகொண்டிருந்தது. "இன்னைக்கு மட்டும் எங்கயும் போகாதீக. சாயங்காலம் மாடியில உக்காருவோம்" என்றாள்.

"புதுசா ஜெர்மன் சரக்கு ஒண்ணு இறங்கியிருக்காம். இன்னைக்கு விட்டா தீந்துரும். ஆறு மணிக்குள்ள ஓடி வந்துர்றேன்" என்றேன்.

எட்டு மணிக்கு வந்தேன். மாடியில் பாய் விரித்தபடியே கிடந்தது. கடலைப் பாத்திரம் தட்டுப் போட்டு மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். பாதி தின்று, எனக்கென்று பாதியை வைத்திருந்தாள். கீழே அவள் மறுநாள் ஷிஃப்டுக்கு என் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, அதுவா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது நோட்டில் நூற்றுப் பன்னிரண்டாவது வரி.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுச் சமாதானமாகியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அடுத்த மாசம் சூளகிரியில் புதிதாக வந்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கேயே பெண்கள் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். ஓசூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர், தினம் போய் வரலாம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை. ஸ்டீல் பாட்டிலை மட்டும் அலமாரியில் விட்டுப் போனாள். அந்தக் கம்பெனிக்குள் ஸ்டீல் எதையும் விடமாட்டார்களாம்.

வீடு என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. கீழ் வீட்டுக்கார அம்மா கெம்பம்மா பண்டிகைக்கு ஒப்பட்டு என்கிற போளி கொடுத்தனுப்பினார். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனப்பா, பாத்திரத்த வெறுசா குடுப்பாங்களா? பொற்கொடி இருந்தா ஒரு பிடி சக்கரையாவது போட்டுத்தானே குடுப்பா" என்றார். எட்டு வருஷமாக எங்கள் வீட்டிலிருந்து ஒரு பாத்திரமும் வெறுமையாகப் படியிறங்கியதில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மற்றபடி நான் என்ன செய்தேன்? அத்திப்பள்ளிக்குப் போனேன். இன்னும் முப்பத்தொரு வரி எழுதினேன். அவள் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உட்கார என்னால் முடியவில்லை. அவள் இருந்த வீட்டிலேயே உட்காராதவனுக்கு அதைச் சொல்ல யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

இந்த மாசத் தொடக்கத்தில் அவளே போன் செய்தாள். "ஹாஸ்டல்ல ஃபாரம் குடுத்திருக்காக. இன்னும் ஒரு வருசத்துக்கு ரூம் வேணுமா வேண்டாமான்னு மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுக்கணும்" என்றாள்.

"நீ என்ன எழுதப்போற?"

"நீங்க சொல்லுங்க."

வா என்று ஓர் எழுத்துச் சொன்னால் போதும். போனவள் போகும்போது என்னைக் கேட்டாளா என்று ஒரு வீம்பு வந்து தொண்டையில் குந்திக்கொண்டது. "உன் இஷ்டம்" என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. வெங்கடப்பனின் அக்கா மகன் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம், அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றுகிற ஓர் இடத்தில் விருந்து கொடுத்தான். எனக்கு ஷிஃப்டு, போக முடியவில்லை. "ராகியில போடறாங்களாம்ப்பா. களி தின்னு வளந்தவனுக்கு பீர்லயும் ராகிதான் விதி. உனக்கும் கொண்டாறேன், பாட்டில் ஒண்ணு குடு. கண்ணாடி வேணாம், எலக்சன் நேரம், செக்கிங் ஜாஸ்தி" என்றான். அலமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தான். கிளாஸில் வாங்கி மேசைக்குக் கீழே வைத்துப் பாட்டிலில் ஊற்றியிருக்கிறான். பைக்கில் வெயிலிலும் நெரிசலிலும் இரண்டு மணி நேரம் வந்ததில் நுரையெல்லாம் செத்து, வெதுவெதுப்பாக இருந்தது. வேறு யாராவது கொடுத்திருந்தால் முகத்தில் கொட்டியிருப்பேன். மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன்.

அது.

கசப்பு, கசப்புக்குப் பின்னால் அந்த வறுத்த சூடு, மூக்குக்குத் திரும்பி வந்த அதே வாசம். தண்ணீர்த் தொட்டியும் காலைத் தொட்ட குளிரும் "இன்னொரு மூடி குடுங்க" என்ற குரலும் சமையலறைக்குள் வந்து நின்றன. நூற்று நாற்பத்து நான்காவது வரியில், பச்சை மையில், 'அதுவே' என்று எழுதினேன். எழுதிய கையோடு பொற்கொடிக்குப் போன் போட்டேன்.

"கண்டுபுடிச்சுட்டேன்!"

"எத?"

"அன்னைக்கு மாடியில குடிச்சோமே, அத. ராகி பீராம்!"

அந்தப் பக்கம் ஹாஸ்டல் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "அப்படியா" என்றாள். "ரொம்ப நாள் தேடுனதாச்சே. சந்தோசமா இருக்கீகளா?"

"பின்ன!"

"சரி. இனிமே ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீக?"

இப்போது யோசித்தால், அதைவிடத் தெளிவாக ஒரு பெண் கதவைத் திறந்துவைக்க முடியாது. நான் சொன்னேன், "நாளைக்கு நேர்ல போயி ஃப்ரெஷ்ஷா ஒண்ணு குடிச்சுப் பாக்கணும்."

"போயிட்டு வாங்க" என்றாள்.

போனேன். வெங்கடப்பனையும் இழுத்துக்கொண்டு போனேன். உயரமான கிளாஸில் ஜில்லென்று, நுரையோடு, லேசான இனிப்போடு வந்தது ராகி பீர். நல்ல பீர்தான். ஆனால் அது இல்லை. பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டுத் தமிழில் ஆரம்பித்து, தெரிந்த கன்னடத்தில் கத்தி, ஆங்கிலத்தில் முடித்தேன். அவன் பொறுமையாக, "சார், ஒரு டேங்க் பதினஞ்சு நாள் ஓடும். நேத்து குடுத்ததும் இதுதான்" என்றான்.

வெங்கடப்பன் அரை கிளாஸ்கூடத் தாண்டவில்லை. "ஏம்ப்பா கமலக்கண்ணா, கோவிச்சுக்காத. எட்டு வருசத்துக்கு முந்தி இந்த எடத்துல முட்டைக்கோஸ் போட்டிருந்தாங்க. எங்க மாமன் தோட்டம் அந்தாண்டதான். அன்னைக்கு இங்க ஏதுப்பா ராகி பீர்?" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. ஒரே லாட் சரக்குக்கு இரண்டு ரிசல்ட் வந்தால் பொருளைத் தள்ளாதே, முதலில் அளந்த கருவியைப் பார். நேற்றும் இன்றும் ஒரே டேங்க். நேற்று பாட்டில் மூடி, இன்று கிளாஸ்.

வீட்டுக்கு வந்து, பொற்கொடி விட்டுப்போன அந்த ஸ்டீல் பாட்டிலைத் திறந்தேன். மூடியை மூக்கருகில் கொண்டுபோனேன். மூடியின் அடியில், வருஷக்கணக்கில் பழுத்து மஞ்சளாகிப் போன ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. ஊக்கால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து முகர்ந்தேன். பீரை அலசிக் கொட்டிய பிறகும் அதில் வறுத்த சீரகம் மணத்தது.

தினமும் காலையில் சீரகத்தை வறுத்துத் தண்ணீரில் போட்டு, கொதிக்கக் கொதிக்க அந்தப் பாட்டிலில் ஊற்றி மூடுவாள் பொற்கொடி. மில் காலத்துப் பழக்கம். ரப்பர் வாசத்தைக் குடித்துக்கொள்ளும், சூட்டில் இன்னும் அதிகமாகக் குடிக்கும். இதை நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக ரப்பர் வளையத்தை முகர்ந்து சம்பளம் வாங்குகிறவன், என் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு வளையத்தை முகர்ந்து பார்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து போலீஸ்காரரிடம் அவள் உண்மையில் பாதியைச் சொல்லியிருக்கிறாள். எட்டு வருஷம் அதை நான் தமாஷாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் தேடியது அவளுடைய வாசம். அதைத் தேடுவதற்காக ஞாயிறு ஞாயிறாக அவளை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லக்கூடாது என்று தோன்றியது. போனில் நான் உருப்படியாக எதையும் சொன்னவன் இல்லை. அடுத்த ஞாயிறு நேரில் போவது என்று முடிவு செய்தேன். மாசக் கடைசிக்கு அதற்குப் பிறகும் மூன்று நாள் இருந்தது. வா என்று சொல்ல மூன்று நாள் தாராளம்.

அந்த ஞாயிறு காலையில் சீரகம் வறுத்தேன். வளையத்தைத் திரும்ப மூடியில் பொருத்தி, சுடச்சுட ஊற்றி மூடினேன். பஸ் ஸ்டாண்டில் அத்திப்பள்ளி வண்டிக் கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். "அண்ணா, வண்டி இந்தப் பக்கம்."

"இன்னைக்குக் கிருஷ்ணகிரி வண்டிங்க, சூளகிரியில எறங்கணும்" என்றேன். அவர் நான் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

ஹாஸ்டலில் பார்க்க வருகிறவர்களுக்கு நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை நேரம். வாசலுக்கு உள்பக்கம் புங்கமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அவள் தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியபடி வந்தாள். மெலிந்திருந்தாள். "என்ன இந்தப் பக்கம்? அத்திப்பள்ளி லீவா?" என்றாள்.

பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் கையில் எடை பார்த்தாள்.

"ராகி பீரா?"

"இல்ல. சீரகத் தண்ணி."

எல்லாவற்றையும் சொன்னேன். ராகி பீர், முட்டைக்கோஸ் தோட்டம், ஒரே லாட்டு, இரண்டு ரிசல்ட்டு, வளையம். அவள் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த வளையத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"இதுக்கா நூத்தி நாப்பத்தி மூணு?"

"ம்."

"எனக்குத் தெரியுமேங்க. அன்னைக்கு மொத வாயிலயே சீரகம் மணந்துச்சு. அதான் நல்லா இல்லன்னு சொன்னேன்."

"தெரியுமா? ஏன் சொல்லல?"

"நீங்க என்ன பீரு, என்ன பீருன்னுதான கேட்டீக? நீங்க தேடுறது பீருன்னு நெனச்சேன்."

கடைசியில் அந்த வார்த்தையைச் சொன்னேன். எட்டு மாசம் தொண்டையில் இருந்ததாலோ என்னவோ, சத்தம் சரியாக வரவில்லை. "வந்துரு பொற்கொடி. ஃபாரத்துல வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு."

அவள் மூடியை மடியில் வைத்துக்கொண்டாள். "எழுதிக் குடுத்துட்டேங்க" என்றாள்.

"எப்ப?"

"நீங்க போன் பண்ணுனீகள்ல, கண்டுபுடிச்சுட்டேன்னு. அதுக்கு மறுநாள் காலையில. அதுவரைக்கும் ஃபாரத்தத் தலகாணிக்கு அடியிலதான் வச்சிருந்தேன்."

"என்ன எழுதுன?"

"ரூம் வேணும்னுதான். ஒரு வருசம்."

நான் ஜில்லென்று ராகி பீர் குடித்துக்கொண்டு பையனோடு மூன்று மொழியில் சண்டை போட்ட அதே ஞாயிறு. மாற்ற முடியாதா என்று கேட்டேன். "முடியும்னுதான் நெனைக்கேன். ஆனா மாத்த மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"ஒரு வருசம்னா அம்பத்திரெண்டு ஞாயிறு" என்றேன்.

"நீங்க நூத்தி நாப்பத்தி மூணு எடுத்தீக. நான் கம்மியாத்தான் எடுத்திருக்கேன்."

அவள் பாட்டிலைச் சாய்த்து மூடியில் ஊற்றிக் குடித்தாள். முகம் கோணியது. "சீரகத்தக் கருக்கிட்டீக. அடுப்பக் கொறச்சு வைக்கணும். நல்லாவே இல்ல" என்றாள். அப்புறம் கேட்டுக்கு வெளியே ஹைவேயில் போகிற லாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு மூடி ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

அவளுக்கு ஒரு மூடி, எனக்கு ஒரு மூடி. அவசரப்படவே இல்லை. தன் லைனில் பக்கத்தில் உட்காருகிற ஒடிசாப் பெண் தமிழ் கற்றுக்கொள்கிற கதையைச் சொன்னாள். கெம்பம்மாவுக்கு வெறும் பாத்திரம் கொடுத்த கதையை நான் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எந்தக் கட்டத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை. பாட்டில் காலியாவதற்கும் வாட்ச்மேன் விசில் ஊதுவதற்கும் சரியாக இருந்தது.

எழுந்தாள். பாட்டிலுக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"பாத்திரத்த வெறுசா குடுப்பாகளா?" என்றாள். "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கங்க."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். ஈரத் துண்டு படியேறி மறையும்வரை நின்றுவிட்டு, வெளியே வந்து ஓசூர் வண்டியில் ஏறினேன். வாயெல்லாம் கருகிய சீரகத்தின் கசப்பு. நல்ல தாகம், கையில் பாட்டில் இல்லை. வழியில் வண்டி நின்ற இடத்தில் ஒருவர் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வேண்டாம் என்றேன். குடித்தால் அந்தக் கசப்பு போய்விடும்.